பொயின்ட் கார்ட் யாரைப் போடுவது: ஏழாம் நம்பரா, பதினோராம் நம்பரா?

தலவாக்கலை பி.டி. சேர்:

எல்லோருக்கும் வணக்கம். தலவாக்கலைப் பக்கம் ஒரு பாடசாலையில் உடற்கல்வி படிப்பிக்கிறேன். வலய மட்டக் கூடைப்பந்துப் போட்டி நெருங்குது. என் டீமில் நாலு பேர் முடிவாகிட்டாங்க. பொயின்ட் கார்ட், அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துறவன் யார் என்பதில்தான் ரெண்டு மனசா இருக்கேன். விளையாட்டு தெரிஞ்ச அண்ணன்மார், அக்காமார் கொஞ்சம் யோசனை சொல்லுங்க.

ஏழாம் நம்பருக்கு பதினாறு வயசு, குட்டைப் பையன். ரெண்டு கையிலயும் ஒரே மாதிரி தட்டுவான். எங்க கோட் தேயிலை மலைச்சரிவை ஒட்டினாப்போல இருக்கிற பழைய கொன்கிரீட் தளம். காலையில் மிஸ்ட் இறங்கினா தளமும் ஈரம், பந்தும் வழுக்கும். அந்த நேரத்திலும் இவன் பந்தை முழங்காலுக்குக் கீழேயே வச்சுத் தட்டிக்கொண்டு போவான், கையை விட்டுப் போகாது. முதல் ஆளைத் தாண்டுறதில் இவனை மிஞ்ச ஆளில்லை. தாண்டின பிறகுதான் பிரச்சினை. தலையைக் குனிஞ்சிடுவான். வளையத்துக்குக் கீழே எங்க உயரமான பையன் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பான், மூலையில் ஒருத்தன் ஆளில்லாம நிற்பான், இவன் கண்ணில் ரெண்டு பேருமே படுறதில்லை.

பதினோராம் நம்பருக்கு பதினைந்து வயசு. ஆறடியைத் தொடப்போறான். முதல் அடி எடுத்து வைக்கிறது மெதுவு, இடது கை பலமில்லை. யாராவது நெருங்கி அமுக்கினா முதுகைக் காட்டித் திரும்பிடுவான், அப்போ பாதி கோட் அவன் கண்ணுக்கு மறைஞ்சிடும். ஆனா அவனுக்குப் பந்து வர்றதுக்கு முன்னாடியே கழுத்தைத் திருப்பித் தோளுக்கு மேலால ஒரு தடவை பார்ப்பான். பந்து கையில் விழும்போது அடுத்த பாஸ் எங்கேன்னு அவனுக்குத் தெரியும். இன்னொன்றையும் நான் கவனிச்சு வர்றேன். எவனாவது லேசான ஷாட்டை விட்டுட்டுத் தலையைத் தொங்கப்போட்டா, அடுத்த முறை பந்தை முதல்ல அவன்கிட்டதான் கொடுப்பான். நான் சொல்லிக் கொடுத்ததில்லை.

மனசு பதினோராம் நம்பர் பக்கம் சாயுது. ஆனா எங்க வலயத்தில் டவுன் பாடசாலைகள் எல்லாம் முதல் நிமிஷத்தில் இருந்தே முழுக் கோட் பிரஸ் போடுறாங்க, எங்க வளையத்துக்குக் கீழே இருந்தே ஆளை நெருங்கி மறிக்கிறாங்க. அதுதான் பயம்.

ஹட்டன் பையன் கொழும்பில்:

சேர், யோசிக்கவே வேண்டாம், பதினொன்று. அமெரிக்க என்.பி.ஏ. லீக்கின் டீம்கள் புது ஆட்டக்காரரை வரிசைப்படி எடுக்கிற டிராஃப்ட் இருக்கே, 2020இல் நடந்ததை நினைச்சுப் பாருங்க. லமெலோ போல் என்ற ஆட்டக்காரர் மூன்றாவதா சார்லட் டீமுக்குப் போனார். பதினாறு வயசிலேயே லித்துவேனியாவில் விளையாடினவர், பிறகு அவுஸ்திரேலியாவில் இல்லவாரா டீமில் ஆடினவர். பந்தைக் கையில் வச்சுக்கொண்டு காட்டுற வித்தையை உலகமே பார்த்தது. அதே டிராஃப்டில் டைரிஸ் ஹாலிபர்ட்டன், அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ரெண்டு வருஷம் ஆடிட்டு வந்தவர். நெஞ்சுக்கு முன்னால இருந்து தள்ளிவிடுற அந்த ஷாட்டைப் பார்த்து நிறையப் பேர் சந்தேகப்பட்டாங்க. பன்னிரண்டாவது ஆளாத்தான் சக்ரமென்டோ டீம் எடுத்தது.

லமெலோவும் சும்மா இல்லை. பத்தொன்பது வயசில் ட்ரிபிள் டபிள் (ஒரே ஆட்டத்தில் மூன்று கணக்கில் பத்தோ அதுக்கு மேலோ) எடுத்தார், அந்த வருஷத்துச் சிறந்த புதுமுகம் அவர்தான். கணுக்கால் காயங்கள் அவருடைய வருஷங்களைத் தின்றது பெரிய அநியாயம். ஆனா 2023-24இல் லீக்கிலேயே கூடுதலான அசிஸ்ட் (கூடை போட வைக்கிற பாஸ்) சராசரி, ஆட்டத்துக்கு 10.9, ஹாலிபர்ட்டனுக்கு. 2025இல், பிறகு மாறிப்போன இந்தியானா டீமை ஃபைனல்ஸ் வரைக்கும் கொண்டுபோனார். நியூயோர்க்கோட ஆடின நாலாவது ஆட்டத்தில் 32 புள்ளி, 15 அசிஸ்ட், 12 ரீபவுண்ட் (தவறின ஷாட்டில் திரும்பி வர்ற பந்தைப் பிடிக்கிறது). அந்த ஆட்டம் முழுக்க ஒரு டேர்ன்ஓவர் கூட இல்லை சேர்! அவ்வளவு நேரம் பந்தைக் கையில் வச்சிருந்த ஆள், ஒரு தடவை கூட எதிராளிக்கு விடலை. உங்க பதினோராம் நம்பர் தோளுக்கு மேலால பார்க்கிறான்னு சொன்னீங்களே, அது பழகி வர்ற விஷயமில்லை. இடது கை பழகினா வரும்.

மட்டக்களப்பான், பண்டாரவளை:

தம்பி ஹட்டன், நீங்க சொல்ற ஹாலிபர்ட்டனுக்கு ரெண்டு கையும் வேலை செய்யும். சேருடைய பையனுக்கு இன்னும் ஒரு கைதான். அதை மறக்கக் கூடாது.

நான் மட்டக்களப்பில் படிச்சு வளர்ந்தவன். எங்கட ஊரில் கூடைப்பந்தை வளர்த்தவர்கள் அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைப் பாதிரிமார். புனித மிக்கேல் கல்லூரிப் பையன்களைப் பழக்கின ஹீபர்ட் அடிகளார் 1990 ஆகஸ்டில் காணாமல் போனவர். இன்றைக்கும் அவரைப் பற்றிக் கதைக்காத கூடைப்பந்துக்காரன் ஊரில் இல்லை. அந்த மண்ணில் பந்து தட்டப் பழகினவன் என்ற முறையில் சொல்றன்: பாடசாலை மட்டத்தில் எட்டு செக்கனுக்குள் பந்து நடுக்கோட்டைத் தாண்டினால்தான் மற்றதெல்லாம். தாண்டாவிட்டால் பதினோராம் நம்பருடைய பார்வை யாருக்குப் பிரயோசனம்? பந்து எதிராளியின் கையில் இருக்கும், எங்கட வளையம் பக்கத்தில் இருக்கும், ரெண்டு புள்ளி போய்விடும். ரெண்டு மூன்று தடவை அப்படி நடந்தால் பதினைந்து வயசுப் பிள்ளையின் மனசும் உடையும்.

ஏழாம் நம்பரைப் போடுங்கோ. அவனுக்கு வேகத்தைக் குறைக்கப் படிப்பியுங்கோ. கிறிஸ் போல் என்ற என்.பி.ஏ. ஆட்டக்காரர் ஆறடிதான். தன்ர ஆள் எதிராளியை மறிச்சு நிற்கிற ஸ்கிரீனைத் தாண்டினவுடன் ஓட மாட்டார். துரத்தி வர்றவனைத் தன்ர முதுகிலேயே ஒட்ட வச்சுக்கொண்டு, ஒரு கணம் நின்று, முன்னால் நிற்கிற உயரமானவன் என்ன செய்யிறான் என்று பார்ப்பார். அதே லீக்கில் ஆடின ஸ்டீவ் நாஷ் வளையத்துக்குக் கீழே போன பிறகும் பந்தைத் தட்டுறதை நிறுத்த மாட்டார், மற்றப் பக்கத்தால் வெளியில் வந்து ஆளைத் தேடுவார். அந்த மனிசன் 1996 டிராஃப்டில் பதினைந்தாவதாத்தான் எடுபட்டவர். பிறகு 2005, 2006 ரெண்டு வருஷமும் லீக்கின் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்.வி.பி. விருது வாங்கினவர். உங்கட ஏழாம் நம்பர் உள்ளே புகுந்தவுடன் ஷாட் அடிக்கத் தடை போடுங்கோ. பயிற்சியில் ஒரு கிழமைக்கு உள்ளே போய் வெளியே வந்து பாஸ் கொடுக்கிறது மட்டும்தான் அவன்ர வேலை. தலை தானாக நிமிரும்.

பதுளை அக்கா:

சேர், நான் பாடசாலையில் நெட்போல் ஆடி, பிறகு பாஸ்கட்போலுக்கு வந்தவள். நெட்போலில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது, மூன்று செக்கனுக்குள் கையை விட்டுப் போகணும். அதனால் எனக்கு ஒரு விஷயம் தெளிவாத் தெரியும்: பிரஸ்ஸை உடைக்கிறது ஒரு ஆளுடைய வேலையே இல்லை. தட்டிக்கொண்டு போறவனை ரெண்டு பேர் சேர்ந்து கோட்டோரத்தில் மடக்கிடலாம். பாஸை மடக்குறது கஷ்டம்.

முடிவான நாலு பேரில் ஒருத்தனை வெளியில் வச்சு, ரெண்டு பேரையும் ஒன்றாப் போடுங்க. பந்தை உள்ளே எறிஞ்சதும் வாங்குறது ஏழு. பதினொன்று ஓரத்தில் நிற்காம நடுவட்டத்துக்கு ஓடி வந்து கையை உயர்த்தணும். அவனுடைய உயரத்துக்குப் பிரஸ் போடுற சின்னப் பையன்களுக்கு மேலால பந்து வாங்கலாம். அங்கே அவன் யாரையும் தட்டித் தாண்ட வேண்டியதில்லை. நீங்க சொன்ன மாதிரி முன்கூட்டியே பார்த்து வச்சிருந்தா, திரும்பினதும் முன்னால் ஓடுறவனுக்குக் கொடுத்திடுவான்.

இன்னொன்று. யார் நல்லவன்னு பார்க்கும்போது அவங்க ரெண்டு பேரையும் பார்க்காதீங்க, மற்ற நாலு பேரைப் பாருங்க. நாலுக்கு நாலு விளையாட விட்டு, தட்டவே கூடாதுன்னு சொல்லுங்க. யார் பக்கத்துப் பையன்கள் பந்து இல்லாதபோதும் ஓடுறாங்கன்னு கவனிங்க. தனக்குப் பந்து வரும்னு நம்புற பையன்தான் ஓடுவான்.

ஹட்டன் பையன் கொழும்பில்:

அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு.

தலவாக்கலை பி.டி. சேர்:

எல்லோருக்கும் மனசார நன்றி. அக்கா சொன்ன தட்டாத ஆட்டத்தை மழை விட்ட பிறகு பிள்ளைகளை விளையாட வச்சுப் பார்த்தேன். பதினோராம் நம்பருடைய பக்கத்தில் எங்க உயரமான பையன், வழமையா வளையத்துக்குக் கீழே மரம் மாதிரி நிற்கிறவன், ஓயாம ஓடினான். "இங்க போடு, இங்க போடு"ன்னு அவன் கத்தினதை நான் இதுக்கு முன்னாடி கேட்டதே இல்லை. ஏழாம் நம்பருடைய பக்கத்தில் பையன்கள் பந்து வந்தா வாங்கினாங்க, வராட்டி நின்றாங்க.

அதனால் ஆட்டத்தை நடத்துறது பதினொன்றுதான், என்ன செட் (ஆட்டத் திட்டம்) என்று கையைக் காட்டுறதும் அவன்தான். மட்டக்களப்பு அண்ணன் சொன்ன எட்டு செக்கனும் சரி என்பதால் நடுக்கோடு வரைக்கும் பந்து ஏழாம் நம்பரிடம். தாண்டினதும் கொடுத்திட்டு அவன் மூலைக்கு ஓடணும். அவனிடம் தனியாக் கதைச்சேன். முகம் கொஞ்சம் வாடினது. மூலையில் இருந்து வெட்டி உள்ளே வந்தா உன்னைத் தாண்டி யார் வளையத்துக்குப் போறதுன்னு கேட்டேன், தலையை ஆட்டினான். வாரக் கடைசியில் அவன் அப்பாவையும் பார்த்துச் சொல்லப்போறேன். பையன் வீட்டில் போய் என்ன சொல்வானோ என்ற கவலை எனக்கு இருக்கு.

இப்போ ஒரு உதவி. பதினோராம் நம்பருடைய இடது கையைக் கொஞ்ச நாளில் கொஞ்சமாவது தேத்தணும். கோட் பாதி நாள் ஈரம். என்ன செய்யலாம்?

மட்டக்களப்பான், பண்டாரவளை:

கோட் ஈரமென்றால் வகுப்பறை விறாந்தையில் வையுங்கோ. வலது கையைக் காற்சட்டைப் பொக்கற்றுக்குள் வைக்கச் சொல்லி, இடது கையால் பந்து, கண்ணால் உங்கட விரல். நீங்க எத்தனை விரல் காட்டுறீங்களோ அதைச் சத்தமாச் சொல்ல வேணும். பந்தைக் குனிஞ்சு பார்த்தால் திரும்பத் தொடங்க வேணும். ஏழாம் நம்பரையும் பக்கத்தில் நிறுத்துங்கோ சேர், அவனுக்கும் அதே பயிற்சிதான் மருந்து.