சாயக்கழிவுத் தொட்டி சுத்தம்: கான்ட்ராக்ட் ஆட்களை இறக்கும் முன் என்ன பார்க்கணும்?

ஈடிபி_ஷிப்ட்
திருப்பூர்ல சாயப்பட்டறை. நிலத்தடி கலெக்‌ஷன் டேங்க் 5 × 4 மீட்டர், ஆழம் 3 மீட்டர், மேலே 600 மி.மீ. மேன்ஹோல் ரெண்டு, அடியில் ஒரு அடிச் சேறு. சுத்தம் பண்ண கான்ட்ராக்டர் 6 பேரை அனுப்புறார். இன்னிக்கு வந்த ஆள் நாளைக்கு வர்றதில்லை, பாதிப் பேர் ஒடிசா, பீகார். கேட்டில் ஹெல்மெட் பார்த்து, "பொறுப்பு என்னுடையது"ன்னு கான்ட்ராக்டர்கிட்ட கையெழுத்து வாங்கி உள்ளே விடுறோம். இது போதாதுன்னு தெரியுது. பர்மிட்டில் (தொட்டிக்குள் இறங்க எழுதிக் கொடுக்கிற அனுமதி) எது நம்ம வேலை, எது அவர் வேலை?

பர்மிட்_ராஜா
முதல்ல, ஆள் இறங்கியே ஆகணுமாங்க? மேலிருந்து ஜெட் அடிச்சு சக்‌ஷன் லாரியில் இழுத்தா பெரும்பாலான சேறு வந்துடும். ஆனா ஜெட் அடிக்கும்போது மேன்ஹோல் பக்கம் யாரும் குனியக் கூடாது. கலங்கின சேறுதான் ஹைட்ரஜன் சல்பைடுங்கிற விஷ வாயுவை வெளியே விடும். சல்ஃபர் பிளாக் (கந்தகம் கலந்த கறுப்புச் சாயம்) ஓட்டுற பட்டறைன்னா இன்னும் மோசம்: அந்தக் கழிவோட ஆசிட் தண்ணி சேர்ந்தா அங்கேயே வாயு கிளம்பும்.

அதனால வரத்துக் குழாய்களை அடைக்கிறது உங்க வேலை. எந்தக் குழாய் எங்கிருந்து வருதுன்னு கான்ட்ராக்டருக்கு எப்படித் தெரியும்? வால்வை மூடினா மட்டும் பத்தாது, வால்வு கசியும். ஃபிளேஞ்சில் (குழாய் இணைப்பில்) பிளைண்ட் தகடு, அதாவது ஓட்டையில்லாத தகடு, போட்டு அடைங்க. பம்ப் பிரேக்கரில் உங்க பூட்டு ஒண்ணு, அவங்க மேஸ்திரி பூட்டு ஒண்ணு. அவர் சாவி அவர் பாக்கெட்டில். ஆள் மேலே வராம யாரும் ஸ்விட்ச் போட முடியாது.

தொட்டிக்குள்ளே என்ன வாயு எவ்வளவு இருக்குன்னு காட்டுற கேஸ் மீட்டரும் உங்களுதா இருக்கட்டும். வாடகை மீட்டரை எப்ப கேலிபரேட் பண்ணினாங்கன்னு யாருக்கும் தெரியாது.

மீட்டர்மேன்
மீட்டர் பத்திக் கொஞ்சம். டேங்க் பக்கத்துல வச்சு ஆன் பண்ணி ஜீரோ பண்றாங்க, அது தப்பு. கெட்ட காற்றையே ஜீரோன்னு எடுத்துக்கும். நல்ல காற்றில் ஆன் பண்ணி, டெஸ்ட் வாயு காட்டி அலாரம் அடிக்குதான்னு பார்த்துட்டு வாங்க.

மேல், நடு, அடி மூணு மட்டத்திலும் பம்ப் ஹோஸ் விட்டு, ஒவ்வொண்ணுலயும் 2 நிமிஷமாவது நிறுத்துங்க. ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனம், அடியில்தான் படுத்திருக்கும். முதல்ல ஆக்சிஜன் அளவைப் பாருங்க. அது குறைஞ்சா எரிவாயு சென்சார் குறைச்சுக் காட்டும். ஆக்சிஜன் 19.5 முதல் 23.5 சதவீதம், எரிவாயு எல்.இ.எல்.லில் (தீப்பிடிக்கத் தேவையான குறைந்தபட்ச அளவு) 10 சதவீதத்துக்குக் கீழே, ஹைட்ரஜன் சல்பைடு 10 பி.பி.எம்.முக்குக் கீழே. இல்லேன்னா யாரும் இறங்கக் கூடாது. "நாத்தமே இல்லை சார்"னு சொன்னா நம்பாதீங்க. 100 பி.பி.எம். வாக்கில் மூக்கு மரத்துடும்.

உங்க டேங்க் 60 கன மீட்டர். ஏழு தடவை காற்று மாத்த 420 கன மீட்டர் வேணும். மணிக்கு 1000 கன மீட்டர் தள்ளுற ப்ளோயர்னா 25 நிமிஷம்; டக்ட் (ப்ளோயரோட காற்றுக் குழாய்) வளைஞ்சா காற்று குறையும், 40 நிமிஷம் வைங்க. ஆள் உள்ளே இருக்கிற வரைக்கும் ஓடணும். டக்ட் நுனி சேத்துக்கு அரை மீட்டர் மேல இருக்கட்டும். ஜெனரேட்டர் புகை பக்கம் ப்ளோயரை வைக்காதீங்க.

ஈடிபி_ஷிப்ட்
நன்றிங்க. தினம் ஆள் மாறுறதுக்கு என்ன வழி? வெளிச்சத்துக்கு 230 வோல்ட் ஹாலோஜன் இறக்குறாங்க, அது சரியா?

பர்மிட்_ராஜா
ஹாலோஜனை முதல்ல வெளியே எடுங்க. தொட்டிக்குள்ளே கைவிளக்கு 24 வோல்ட்டுக்கு மேல் கூடாதுன்னு 2025 நவம்பர் வரை அமலில் இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டம் 36ஏ பிரிவிலேயே இருந்துச்சு. எரிவாயு வர வாய்ப்பிருந்தா ஃபிளேம்ப்ரூஃப் (உள்ளே வர்ற தீ வெளியே பரவாத) விளக்குதான்.

பர்மிட்டில் பேர் இருக்கிறவர் மட்டும் இறங்கலாம், ஒரு ஷிப்டுக்குத்தான் செல்லும். சாப்பாட்டுக்கு மேலே வந்தா மறுபடி கேஸ் டெஸ்ட். பாதுகாப்பு வகுப்பை இந்தியிலோ ஒடியாவிலோ எடுத்து, கடைசில ஒவ்வொருத்தரையும் திருப்பிச் சொல்லச் சொல்லுங்க. தலையாட்டுறதைக் கணக்கில் எடுக்காதீங்க. ஒப்பந்தத்தில் தொட்டிக்கு இவ்வளவுன்னு மொத்தக் கூலி இருந்தா, ப்ளோயர் ஓடுற 40 நிமிஷம் கான்ட்ராக்டருக்கு நஷ்டம், அதைத்தான் முதல்ல வெட்டுவார். காற்றோட்டம், மேன்ஹோல் மேலே நின்னு கவனிக்கிற காவல் ஆள் ரெண்டுக்கும் தனி ரேட் போடுங்க.

கயிறு_வின்ச்
ரெண்டு மேன்ஹோல் இருக்கிறது நல்லது. ஒண்ணுல டக்ட், மத்ததுல ட்ரைபாட் (வின்ச், அதாவது கயிறு சுத்தி ஆளைத் தூக்குற கருவி, மாட்டின முக்காலி). கெட்ட காற்று ட்ரைபாட் இருக்கிற வாய் வழியாத்தான் வெளியே வரும், அது முகத்தில் அடிக்காம காவல் ஆள் வெளிக்காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசுதோ அந்தப் பக்கம் நிக்கணும். உள்ளே ஒருத்தர் சாய்ஞ்சா காவல் ஆள் குதிக்கக் கூடாது. இந்த மாதிரி விபத்துல ரெண்டாவது, மூணாவது சாவு அப்படித்தான் வருது. இறங்கும்போதே கயிறு மாட்டியிருக்கணும், ஒரு வின்ச்சுக்கு ஒரே ஆள்.

இன்னொண்ணு. ஹார்னஸ் (உடம்பில் மாட்டுற பாதுகாப்புப் பட்டை) கொக்கி முதுகில் இருந்தா மயங்கினவர் முன்பக்கம் சாய்ஞ்சு தொங்குவார், 600 மி.மீ. வாயில் தோள் மாட்டிக்கும். ரெண்டு தோள்பட்டையிலும் வளையம் உள்ள ஹார்னஸ் வாங்கி, மேலே குறுக்குச் சட்டம் போட்டா நேரா வருவார். தொட்டி காலியா சுத்தமா இருக்கிற அன்னிக்கு அதே ஹார்னஸை 75 கிலோ மணல் மூட்டைக்குக் கட்டித் தூக்கிப் பாருங்க. எங்க இடிக்குதுன்னு அப்ப தெரியும்.