மறு: கன்சர்வேட்டிவ், லிபரல் இரண்டுக்கும் தமிழ்

> பழமைவாதம், தாராளவாதம் ஏற்கெனவே இருக்கின்றனவே, புதிதாக எதற்கு?

வாக்கியத்தில் வைத்தால் உதைக்கிறது. 1834-இல் பிரிட்டனின் கன்சர்வேட்டிவ் பிரதமர் ராபர்ட் பீல் வெளியிட்ட டாம்வொர்த் தேர்தல் அறிக்கையைப் பாருங்கள். 1832-இன் தேர்தல் சீர்திருத்தச் சட்டம் முடிந்துபோன விஷயம், அதை மாற்றப்போவதில்லை என்கிறார். நிரூபணமான குறையைத் திருத்தலாம், நிலைபெற்ற உரிமைகளில் கைவைக்கக் கூடாது என்பதே அவர் நிலைப்பாடு. இவர் எப்படிப் பழமைவாதி? 'எங்க வீடு கொஞ்சம் கன்சர்வேட்டிவ்' என்று கட்டுப்பெட்டித்தனத்தைச் சொல்கிறோமே, அந்த வாடை அரசியல் சொல்லிலும் ஏறிவிட்டது.

இலங்கைத் தமிழில் 'பழமைபேண்' என்கிறார்கள். பேணுதல் பொருத்தமான வினை. அதில் 'பழமை'யை மட்டும் 'மரபு' என்று மாற்றினால் கொள்கைக்கு மரபுபேண்வாதம், ஆளுக்கு மரபுபேணர்.

தாராளவாதத்தில் சிக்கல் அதிகம். 1812-இல் ஸ்பெயினின் காடிஸ் நகரில் அரசியலமைப்பு இயற்றிய லிபரல்கள் மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டினார்கள். எதிரணியை 'செர்விலெஸ்', அதாவது அடிமைப் புத்திக்காரர்கள், என்று ஏசினார்கள். ஆக லிபரலுக்கு எதிர்ச்சொல் அடிமைத்தனம்; தாராளத்துக்கு எதிரான கஞ்சத்தனம் அல்ல. போதாக்குறைக்கு 1991-க்குப் பின் 'தாராளமயம்' என்றாலே பொருளாதாரம்தான். என் முன்மொழிவு: தன்னுரிமைவாதம்.

---

> மரபுபேணர்

முந்தைய மடலின் இந்தச் சொல் கல்வெட்டு, கோயில் சிற்பம் காப்பவர் என்று படும். ஆளுக்கும் மரபுபேண்வாதி என்றே இருக்கட்டும்.

> தன்னுரிமைவாதம்

தேசிய இனங்களின் சுயநிர்ணயத்துக்கு இந்தச் சொல் புழங்குகிறது, மோதும். இலங்கைப் பாடநூல் வழக்கான 'தாராண்மைவாதம்' தாராளமயத்திலிருந்து விலகி நிற்கிறது, அதையே எடுக்கலாம். ஆனால் தனியாக விடக் கூடாது. அரசுச் செலவை வெட்டத் துடித்த பிரிட்டிஷ் பிரதமர் கிளாட்ஸ்டனும் லிபரல், 1935-இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்த அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டும் லிபரல். முன்னவருக்குச் 'சந்தைத் தாராண்மை', பின்னவருக்கு 'நலத் தாராண்மை' என்று அடை கொடுத்தால்தான் வாசகருக்குப் பிடிபடும்.

கட்சிப் பெயரை மட்டும் யாரும் மொழிபெயர்க்க வேண்டாம். மென்சிஸ் தொடங்கிய ஆஸ்திரேலிய லிபரல் கட்சி வலப்பக்கம் சாய்ந்தது. டென்மார்க்கின் 'வென்ஸ்ட்ரே' என்றால் 'இடது', கட்சியோ வலதுசாரி! ஒலிபெயர்த்துவிட்டு, கொள்கையை அடுத்த வரியில் சொல்லுங்கள்.

இந்திய விடுதலைப் போராட்டக் காலத்துத் தலைவர் சீனிவாச சாஸ்திரியாரின் அணியும் லிபரல் என்றே தன்னை அழைத்துக்கொண்டது. தமிழில் அவர்கள் மிதவாதிகள்; அந்தச் சொல்லைத் திருத்தாமல் வரலாற்று வழக்கு என்று குறித்து விட்டுவிடலாம்.