"ஏதாச்சும் கேக்கணுமா?"ன்னு இன்டர்வியூல கேட்டா என்னத்த கேக்குறது?

நெல்லை_மெக்
வணக்கம் அண்ணா, அக்கா எல்லாருக்கும். மெக்கானிக்கல் ஃபைனல் இயர், ஊரு தின்னவேலி பக்கம். வர்ற செவ்வாய்க்கிழமை சென்னை பக்கம் ஒரகடத்துல ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனில இன்டர்வியூ, ஜிஇடி (கிராஜுவேட் இன்ஜினியர் ட்ரெய்னி) போஸ்ட். டெக்னிக்கல் ஓரளவு படிச்சாச்சு, பயமெல்லாம் கடைசி கேள்விக்குத்தான். போன மாசம் கேம்பஸுக்கு ஒரு கம்பெனி வந்துச்சு, நல்லாத்தான் போய்ட்டு இருந்துச்சு, முடிக்கும்போது அந்த சார் "எங்ககிட்ட ஏதாச்சும் கேக்கணுமா"ன்னாரு, நான் "நோ சார், தேங்க்யூ சார்"னு எந்திரிச்சு வந்துட்டேன். செலக்ட் ஆகல. அதனாலதானான்னு தெரியல, ஆனா மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு. யூடியூப்ல பாத்தா "கம்பெனியோட விஷன் என்ன"ன்னு கேக்கச் சொல்றாங்க. சம்பளம், பாண்ட் (இத்தன வருஷம் இருப்பேன்னு எழுதிக் குடுக்குறது) பத்தி கேட்டா தப்பா நினைப்பாங்களா? எங்கப்பா "வேலை குடுக்குறவங்ககிட்டயே கேள்வி கேப்பியால"ங்குறாங்க.

ஷாப்ஃப்ளோர்_காரன்
தம்பி, விஷன் மட்டும் கேட்டுடாத. அது ரிசப்ஷன்லயே ஃபிரேம் போட்டு மாட்டிருக்கும், அதுக்கு அடியில உக்காந்துதான் நீ வெயிட் பண்ணிட்டு இருப்ப. நான் 14 வருஷமா தகடு வெட்டி வளைக்கிற ப்ரெஸ் ஷாப்ல இருக்கேன், இப்ப டெக்னிக்கல் ரவுண்டுக்கு என்னையும் உக்கார வைக்கிறாங்க. போன வருஷம் ஒரு பொண்ணு வந்துச்சு, மார்க்கு சுமார்தான். பேனல் ரூமுக்கு வர்ற வழியில லைன் பக்கம் தொங்குற, கழிச்சுப்போட்ட பீஸ் கணக்கு எழுதுற ரிஜெக்‌ஷன் போர்ட பாத்துருக்கு. கடைசில, "சார், போர்டுல பர்ருக்கு (வெட்டுன ஓரத்துல நிக்கிற பிசிறு) மட்டும் மூணு நாளா சிவப்புல எழுதிருந்துச்சு, அது டை (ஷீட்ட வெட்டுற அச்சு) தேஞ்சதாலயா, இல்ல ஷீட்டு மாறுனதாலயா, அத யாரு கண்டுபிடிப்பாங்க, ட்ரெய்னி அதுல வேலை செய்ய முடியுமா"ன்னு கேட்டுச்சு. நானும் பக்கத்துல இருந்த குவாலிட்டி மேனேஜரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டோம், ஏன்னா அந்த மூணு நாளா எங்களுக்குள்ள சண்டையே அதுக்குத்தான். அந்தப் பொண்ணு இப்ப எங்க குவாலிட்டில இருக்கு. சும்மா மனப்பாடம் பண்ணிட்டு வந்து கேட்டா முகத்துலயே தெரிஞ்சுரும் தம்பி. வாசல்ல இருந்து கண்ண தொறந்து பாத்துட்டு வா. ஒண்ணும் கண்ணுல படலன்னா "முதல் ஆறு மாசம் நான் எந்த லைன்ல, யாருக்கு கீழ இருப்பேன்"னு கேளு, அது போதும்.

எச்ஆர்_அக்கா
மேல சொன்னது டெக்னிக்கல் பேனலுக்கு. அவங்ககிட்ட சம்பளம் கேக்காத, அவங்களுக்கே சரியா தெரியாது, எங்கள கை காட்டுவாங்க. எங்ககிட்ட தாராளமா கேக்கலாம்ப்பா, தப்பே இல்ல, ஆனா "எவ்ளோ தருவீங்க"ன்னு இல்லாம "சிடிசி பிரேக்அப் சொல்ல முடியுமா மேடம்"னு கேளு. சிடிசின்னா கம்பெனி உனக்காக வருஷத்துக்கு பண்ற மொத்தச் செலவு, பிரேக்அப்னா அத பிரிச்சுச் சொல்றது. எதுக்குன்னா, 3 லட்சம் சிடிசின்னா மாசம் 25,000 கைக்கு வரும்னு வீட்ல சொல்லிருவீங்க. பேசிக் 15,000ன்னு வச்சுக்கோ, கம்பெனி கட்டுற பிஎஃப் 12% அதாவது 1,800 அந்த சிடிசிக்குள்ளதான், கிராஜுவிட்டி (வேலைய விட்டுப் போகும்போது தர்ற தொகை) 4.81% ஒரு 720 சொச்சம் அதுவும் உள்ளதான், அப்புறம் உன் பங்கு பிஎஃப் இன்னொரு 1,800. ஆக கைக்கு 20,700 கிட்ட, அதுலயும் கேன்டீன், பஸ்ஸுக்கு பிடிச்சா இன்னும் கம்மி. கிராஜுவிட்டி காச நிரந்தர வேலைல பொதுவா அஞ்சு வருஷம் இருந்தாத்தான் கண்ணுல பாப்ப.

பெஞ்ச்ல_இருக்கேன்
பாண்ட் பத்தியெல்லாம் கேக்காத ப்ரோ, கண்ண மூடிட்டு சைன் போடு, கோர்ட்ல அதெல்லாம் நிக்காது

ஷாப்ஃப்ளோர்_காரன்
@பெஞ்ச்ல_இருக்கேன் யாருப்பா சொன்னது? 2025 மே மாசம் சுப்ரீம் கோர்ட்டு விஜயா வங்கி கேஸ்ல, மூணு வருஷம் இருக்கணும், நடுவுல போனா 2 லட்சம் கட்டணும்ங்கிற பாண்ட செல்லும்னுதான் சொல்லிருக்கு. எல்லா பாண்டும் அப்படி நிக்கும்னு இல்ல, ஆனா நிக்கவே நிக்காதுன்னு புள்ளைங்கள கெளப்பி விடாதீங்க. எத்தன வருஷம், எவ்ளோ தொகை, மாசம் ஆக ஆக குறையுமான்னு கேட்டு எழுத்துல வாங்கிக்கோ தம்பி. ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்ட வச்சுக்குவோம்னு சொன்னா கும்பிடு போட்டுட்டு வந்துரு.

டிப்ளமோ_பிரியா
இதையும் கேளுங்க, நான் ஏமாந்த எடம் இது. "ஜிஇடி ரோல்ல எடுக்குறீங்களா, இல்ல அப்ரெண்டிஸாவா?" எனக்கு வாயால ட்ரெய்னின்னு சொன்னாங்க, போய் பாத்தா என்ஏடிஎஸ் (மத்திய அரசோட தொழில் பழகுநர் திட்டம்) அப்ரெண்டிஸ் காண்ட்ராக்ட். அப்ரெண்டிஸ் சட்டப்படி நீங்க தொழிலாளி கணக்குலயே வர மாட்டீங்க, பிஎஃப் கிடையாது, கெடைக்கிறது ஸ்டைபண்டுதான், முடிஞ்சதும் வேலை குடுத்தே ஆகணும்னு பொதுவா கட்டாயமும் இல்ல. கத்துக்க நல்லதுதான், நான் கொற சொல்லல, ஆனா தெரிஞ்சு போறது வேற தெரியாம போறது வேற இல்லையா. ஒரு வருஷம் கழிச்சு டூல்ஸ் பையோட ஊருக்கு பஸ் ஏறினேன்.

நெல்லை_மெக்
போய்ட்டு வந்துட்டேன். போர்டெல்லாம் ஒண்ணும் கண்ணுல படல அண்ணா, ஸ்டோர்ஸ் வழியா கூட்டிட்டு போய்ட்டாங்க. முதல் ஆறு மாசம் எங்க போடுவீங்கன்னு கேட்டேன், அந்த சார் பேனாவ மூடி வச்சுட்டு "ஹீட் ட்ரீட்மென்ட், அதாவது உலை பக்கம், அதுவும் பாதி நாள் நைட் ஷிஃப்ட், ஏப்ரல் மே உன்னால தாங்க முடியுமாப்பா"ன்னு திருப்பி என்னைய கேட்டாரு. தின்னவேலி வெயிலு பாத்தவன் சார்னேன், சிரிச்சுட்டாரு. எச்ஆர் மேடம் பிரேக்அப் மெயில்ல அனுப்புறேன்னாங்க, அப்ரெண்டிஸ் இல்ல, கம்பெனி ரோல்தானாம். வெள்ளிக்கிழமை சொல்றாங்களாம். அப்பாகிட்ட கேள்வி கேட்டத இன்னும் சொல்லல.