அ ஆ இ ஈ பாட்டா பாடுறான், எழுத்தைத் தனியா காட்டினா முழிக்கிறான்

ரங்கூன்_அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். மகனுக்கு அஞ்சு வயசு, இந்த ஜூன்லதான் கேஜி சேர்த்தோம். பர்மிய எழுத்து க ஜீ, க க்வே எல்லாம் டக்டக்னு சொல்றான். தமிழ் நான்தான் ராத்திரி சோறாக்கி முடிச்சிட்டு அரை மணி நேரம் சொல்லித் தரேன். அ-ல இருந்து ஔ வரைக்கும் ஒரே மூச்சுல பாடிடுவான், ஆனா நடுவுல எ-வைத் தொட்டு இது என்னடான்னு கேட்டா மறுபடி அ-ல இருந்து பாடிக்கிட்டே வந்து அங்க நிக்கிறான், சில நேரம் தாண்டியும் போயிடுறான். ஊர்ல இருந்து வந்தவங்க படம் போட்ட அட்டை குடுத்தாங்க, அதுல அணிலைக் காட்டினா "ஷின்"ங்கிறான், யானையைக் காட்டினா "சின்"ங்கிறான், பேரு பர்மியத்துலதான் முதல்ல வருது, அப்புறம் அ எங்க யா எங்க. ப எழுதச் சொன்னா பர்மிய ப மாதிரி உருண்டையா எழுதுறான். ரெண்டு எழுத்தும் சேர்ந்தா பிள்ளை குழம்பும், தமிழைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கன்னு பள்ளிக்கூடத்துல சொல்றாங்க. எனக்கு மனசே இல்ல. எங்க பாட்டி தமிழ்ப் பள்ளிக்கூடத்துல படிச்சவங்க, 62-ல ராணுவ ஆட்சி வந்ததுக்கு அப்புறம் அதெல்லாம் போச்சு, எங்க அம்மாவுக்குத் தமிழ் பேச மட்டும்தான் வரும், நான் கோயில் லீவு வகுப்புல கத்துக்கிட்டது. இவனோட அது நின்னுடக் கூடாது. என்ன பண்ணட்டும்?

மோல்மேன்_சயாமா:
நிறுத்தாதம்மா. கோயில்ல பல வருஷமா வெயில் லீவுக்குச் சொல்லித் தரேன், உன் பிள்ளை மாதிரி பாடிக்கிட்டே வர்ற பிள்ளைங்கதான் பாதிப் பேரு. அவனுக்குத் தெரிஞ்சது பாட்டு, எழுத்து இன்னும் தெரியல. வரிசையைத் தூக்கி வச்சிட்டு ட, ப, ம மூணே மூணு எடு. தட்டுல அரிசியைப் பரப்பி விரலால எழுதச் சொல்லு. கீழ இறக்கி வலது பக்கம் இழுத்தா ட, அதையே மேல ஏத்திட்டா ப, ஏத்தின கோட்டை உள்ள மடக்கினா ம. மூணும் கைக்கு வந்துச்சுன்னா படம், பட்டம், மடம்னு அவனே சொல்லு படிச்சிடுவான். சொல்லா படிக்கிற அந்த நிமிஷம் பிள்ளை முகத்தைப் பாரு, அதுக்கப்புறம் நீ கூப்பிட வேண்டாம், அவனே தட்டை எடுத்துட்டு வருவான்.

இன்னொண்ணு, சத்தத்தை வாயில காட்டணும். ம்-முக்கு உதட்டை மூடிக்கிட்டு ம்ம்ம்னு சொல்லச் சொல்லி மூக்கைப் பிடி, சத்தம் நின்னுடும், பிள்ளைங்களுக்கு அது ரொம்பப் பிடிக்கும். ப-வுக்கு மெல்லிசா பேப்பர் கிழிச்சு வாய்க்கு முன்னாடி தொங்க விடு. பர்மியத்துல காத்து விட்டுச் சொல்ற தொப்பி ப இருக்கே, ப ஊதோ, அதைச் சொன்னா பேப்பர் துள்ளும், நம்ம ப-வுக்கு அசையாது. அட்டைப் படத்தை எடுத்து வை, அவன் வாயில தமிழா வர்ற சொல்லை எடு, அம்மா, அப்பளம், ஆயா, இட்லி, ஊறுகாய்.

பெகு_தம்பி:
அக்கா, ப-வை உருண்டையா எழுதுறான்னு திட்டிடாதீங்க. பர்மிய எழுத்தும் தமிழ் எழுத்தும் பழைய பிராமியில இருந்து வந்ததுதான், ரெண்டு ப-வும் மேல திறந்துதான் இருக்கு, சத்தமும் ஒண்ணு. அவன் பார்த்தது சரிதான். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதி எது பள்ளிக்கூடத்து ப, எது வீட்டு ப-ன்னு கேளுங்க.

இதுக்கு அப்புறம் ஒரு இடம் வரும், இப்பவே சொல்லிடுறேன். என் மக பாம்பு-ன்னு படிக்கும்போது "அப்பா முதல் ப வேற சத்தம், கடைசி பு வேற சத்தம், எழுத்து ஏன் ஒண்ணு"ன்னு கேட்டா. பர்மியத்துல ரெண்டுக்கும் தனித்தனி எழுத்து இருக்கே. எனக்கு முதல்ல பதில் வரல, அப்புறம் க ஜீ, அதாவது பெரிய க, ஞாபகம் வந்துச்சு. பெரிசுங்கிறதை பர்மியத்துல தனியா சொன்னா "ச்சீ", க-வோட ஒட்டினா "ஜீ", எழுதுறது மாறலையேன்னேன். உடனே பிடிச்சிக்கிட்டா. அப்புறம் தங்கம், பஞ்சு, நண்டு, பந்துன்னு அவளே தேடி, முன்னாடி மூக்குல சொல்ற எழுத்து வந்தா அடுத்தது மெத்துனு ஆகுதுன்னு சொன்னா. நான் சொல்லித் தரல.

தாட்டோன்_பெரியம்மா:
வரிசையைத் தூக்கி வைக்கச் சொல்றது எனக்கு முழுசா ஒப்பல. அ ஆ, இ ஈ-ன்னு குறிலும் நெடிலும் ஜோடியா சொன்னாத்தானே நீட்டுறது காதுல விழும், படம் வேற பாடம் வேறன்னு தெரியும். பாட்டை நிறுத்தாம சேர்த்தே சொல்லிக் குடும்மா.

ர-வை மட்டும் கவனி. பர்மியத்துல ய-வுக்கு ரெண்டு எழுத்து, ரெண்டையும் ய-ன்னுதான் சொல்றாங்க, அந்தப் பழக்கத்துல எங்க பேரன் மரத்தை மயம்ங்கிறான். படிக்கும்போது நடுவுல நிறுத்தித் திருத்தாம, படிச்சு முடிச்சப்புறம் நாக்கை எங்க வைக்கணும்னு காட்டுறேன். மூணு சுழி ண, ரெண்டு சுழி ன பத்தி இப்ப கவலை வேண்டாம், பர்மியத்துலயும் பெரிய ந சின்ன ந இருக்கு, பிள்ளைக்குப் புதுசில்ல. கே-வுக்குக் கொம்பு முன்னாடி, சத்தம் பின்னாடி வருதேன்னும் பயப்படாத, பர்மியத்துலயும் அப்படித்தான்.

ரங்கூன்_அம்மா:
சயாமா, பெரியம்மா, தம்பி, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நாலு நாளா அரிசித் தட்டுதான். பேப்பரைப் பிடிச்சுக்கிட்டு வீடு பூரா ப ப-ன்னு சுத்துறான், அவங்க அப்பா வாய்க்கு முன்னாடியும் தொங்க விட்டுப் பார்த்தான். நேத்து ராத்திரி நான் சொல்லாமலே படம்னு எழுதினான். அதுக்குக் கீழ உருண்டை ப ஒண்ணு போட்டு, "அம்மா ரெண்டும் ப-தான், உன் ப-வுக்கு மூலை இருக்கு"ன்னான். அரிசியைக் கொட்டாம தட்டை அப்படியே அலமாரி மேல வச்சிருக்கேன். அடுத்து க எடுக்கட்டுமா, ய எடுக்கட்டுமா சயாமா?