மருந்துத் துகள் உருண்டையா இருக்கணுமா, நூல் மாதிரி நீளமா இருக்கணுமா?

கபிலன்_பார்மா:
நானோ மருந்துன்னாலே, அதாவது கண்ணுக்கே தெரியாத குட்டித் துகள்ல அடைச்ச மருந்துன்னாலே, சைஸ், கோட்டிங் இந்த ரெண்டுதான் பேசுறோம், வடிவத்த யாரும் கண்டுக்கறதே இல்ல. 2007ல பென்சில்வேனியா யுனிவர்சிட்டில டிஸ்ச்சர்ங்கறவரோட ஆராய்ச்சி குரூப் நூலாட்டம் நீளமான மைசெல்ல (மூலக்கூறுங்க தானா ஒண்ணு சேர்ந்து ஆகுற மருந்துத் துகள்) எலிக்கு ஊசி போட்டுப் பாத்தாங்க, ஒரு வாரம் வரைக்கும் ரத்தத்துல சுத்துச்சு, உருண்டைய விட சுமார் பத்து மடங்கு நேரம். ரத்த ஓட்டம் நூல இழுத்துட்டே இருக்கறதால செல்லு பிடிச்சு முழுங்கறதுக்குள்ள நழுவிடுது. இனி உருண்டைய விட்டு வெளிய வரணும்.

மலர்விழி:
தம்பி, சுத்துனா மட்டும் போதுமா, செல்லுக்குள்ள போகணும்ல? 2006ல டொராண்டோல தங்கத் துகள ஹீலா செல்லுல (லேப்ல வளக்கற மனுஷப் புற்றுநோய் செல்லு) போட்டுப் பாத்தப்ப 50 நானோமீட்டர் உருண்டைதான் நல்லா உள்ள போச்சு, குச்சி கம்மியாத்தான் போச்சு. எங்கம்மாவுக்கு ஏத்துன செவப்பு மருந்து லைப்போசோம்ங்கற குட்டிக் கொழுப்புப் பைல அடைச்ச டாக்ஸோரூபிசின்ங்கற புற்றுநோய் மருந்து, சொட்டு சொட்டா எறங்கறத பக்கத்துலயே உக்காந்து பாத்துருக்கேன், அதுவும் உருண்டைதான். 1995லயே அமெரிக்காவுல அனுமதி வாங்குன சரக்கு. நூல் மைசெல் இன்னும் எலியத் தாண்டி எங்க வந்துச்சு?

கபிலன்_பார்மா:
அக்கா, அதே ஹீலா செல்லுல 2008ல நார்த் கரோலினாவுல டிசைமோன் குரூப் அச்சுல வார்த்த துகள போட்டாங்க, 150க்கு 450 நானோமீட்டர் குச்சி, சீக்கிரமா உள்ள போனதே அதான். அதுக்கு என்ன சொல்றீங்க?

மலர்விழி:
அது பாசிட்டிவ் சார்ஜ் உள்ள ஹைட்ரோஜெல்லுப்பா (தண்ணி ஊறுன மெத்துனு இருக்கற பாலிமர்), நான் சொன்னது தங்கம். பொருளும் சார்ஜும் மாறுனா ரிசல்ட்டும் மாறுது, வடிவத்துக்கு மட்டும் எப்படி மாலை போடறது?

ராஜா_மதுரை:
ரெண்டு பேரும் ஒண்ண விட்டுட்டீங்க, எந்தப் பக்கமா தொடுதுங்கறது. 2006ல சாம்பியன், மித்ரகோத்ரின்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க நீள்வட்டத் துகள மேக்ரோபேஜுக்கு, அதாவது ஒடம்புல அன்னியப் பொருள முழுங்கற செல்லுக்குக் குடுத்தாங்க. கூர் முனையில ஒட்டுன செல்லு சில நிமிஷத்துல முழுங்கிருச்சு, அதே துகளோட தட்டைப் பக்கம் ஒட்டுனது 12 மணி நேரம் தாண்டியும் முழுங்கல. பொருள் ஒண்ணுதான் அக்கா, இங்க வடிவம்தான் வேலை பாக்குது.

மலர்விழி:
சரி, இத ஒத்துக்கறேன். ஆனா முழுங்க முடியாதது எல்லாம் நல்லதுன்னு ஆயிடாது, ஆஸ்பெஸ்டாஸ் நாரும் அப்படித்தான், மேக்ரோபேஜ் முழுங்க முடியாம நுரையீரல்லயே தங்கி பாழாக்குது.

கபிலன்_பார்மா:
அது கரையாத கல்லு நார்க்கா, இந்த மைசெல் தண்ணில சிதைஞ்சு நாளாக நாளாக குட்டையாகிட்டே வரும், அங்கயே கெடக்காது.

மலர்விழி:
கரையறது சரி. இந்த மாதிரி ஊசி மருந்த பெரும்பாலும் 0.22 மைக்ரான் (220 நானோமீட்டர்) ஓட்டை உள்ள ஃபில்டர்ல வடிகட்டித்தான கிருமி நீக்குறாங்க, பல மைக்ரான் நீளமுள்ள நூல அறுந்து போகாம அதுல எப்படி அனுப்புவீங்க? அத சொல்லுங்க, அப்புறம் நானும் உங்க கட்சி.