கூடாரவாசலில் முறுமுறுத்தவர்கள்

கோத்தகிரிப் பகுதி, சிறு தேயிலை விவசாயி:

கர்த்தருக்குள் பிரியமானவர்களுக்கு ஸ்தோத்திரம். தேவனை முழுமையாக நம்பி, முறுமுறுக்காமல் ஊழியம் செய்த அனுபவங்களை எழுதி அனுப்பும்படி கேட்டிருக்கிறீர்கள். என்னிடம் இருப்பது முறுமுறுத்த அனுபவம்தான், அதையே எழுதுகிறேன்.

எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை உண்டு. பச்சைத் தேயிலைக்குக் கிடைக்கும் விலை பறிகூலிக்கும் உரத்துக்குமே போதாத மாதங்களிலும், சனிக்கிழமை மாலையில் ஆலயத்தைக் கூட்டித் துடைப்பது, பாய் விரிப்பது, மழைக்காலத்தில் ஓடு ஒழுகும் இடங்களில் வாளி வைப்பது ஆகியவற்றை நானும் என் மனைவியும் 11 ஆண்டுகளாகத் தவறாமல் செய்துவந்தோம். சபையில் யாரேனும் பாராட்டினால், "எல்லாம் கர்த்தருடைய கிருபை" என்று பணிவாகச் சொல்வேன். வீட்டுக்கு வந்து அடுப்பங்கரையில் குளிர்காயும்போது நான் வேறொரு மனிதன். யார் ஒரு நாளும் துடைப்பத்தைத் தொட்டதில்லை, யார் காணிக்கை போட்டதோடு கடமை முடிந்ததென்று நினைக்கிறார், யார் அறுப்பின் பண்டிகையன்று மட்டும் முன்வரிசைக்கு வருகிறார் என்று பெயர் பெயராகச் சொல்லித் தீர்ப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளியில், "ஊழியம் என்றால் என்ன?" என்று ஆசிரியை கேட்டிருக்கிறார். அப்போது ஆறாம் வகுப்பில் இருந்த என் மகள், "எங்கள் அப்பா மட்டும் செய்வது, மற்றவர்கள் செய்யாதது" என்று பதில் சொல்லியிருக்கிறாள். போதகரும் அருகில்தான் இருந்திருக்கிறார்.

அந்த வாரமே அவர் வீட்டுக்கு வந்தார். "எல்லாவற்றையும் முறுமுறுப்பில்லாமலும் தர்க்கிப்பில்லாமலும் செய்யுங்கள்" என்ற பிலிப்பியர் 2 ஆம் அதிகார வசனத்தை அவர் எடுப்பதற்கு முன்பே நானே மனப்பாடமாகச் சொல்லி, தவறை ஒப்புக்கொண்டு, பேச்சை அத்துடன் முடித்துவிடலாம் என்று பார்த்தேன். அவரோ எண்ணாகமம் 11 ஆம் அதிகாரத்தைத் திறக்கச் சொன்னார். அங்கே இரண்டு புலம்பல்கள் இருக்கின்றன. வனாந்தரத்தில் தேவன் கொடுத்த மன்னா என்ற உணவு சலித்துப்போய், எகிப்தில் தின்ற மீனையும் வெள்ளரிக்காயையும் நினைத்து இஸ்ரவேல் ஜனங்கள் தங்கள் தங்கள் கூடாரவாசலில் நின்று அழுகிறார்கள். இத்தனை பேரையும் என்னால் தனியாகச் சுமக்க முடியாது, இப்படித்தான் நடத்துவீரானால் என்னைக் கொன்றுபோடும் என்று மோசேயும் புலம்புகிறார். வார்த்தையை எடைபோட்டால் மோசேயின் புலம்பல்தான் கடுமையானது. ஆனால் அவர் அதைக் கர்த்தரிடமே சொல்கிறார், பாரத்தைப் பகிர்ந்துகொள்ள 70 மூப்பர்களைப் பெறுகிறார். "உங்கள் கூடாரவாசல் இந்த அடுப்பங்கரைதானே?" என்று மட்டும் கேட்டுவிட்டு, போதகர் தேநீரைக் குடித்து முடித்துக் கிளம்பினார்.

ஆள் கிடைக்காமல் தனியாகக் கவாத்து வெட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், அந்தப் பெயர்ப் பட்டியலை முதன்முறையாகக் கர்த்தரிடம் வாய்விட்டுச் சொன்னேன். பாதிக்கு மேல் சொல்ல முடியவில்லை. பட்டியலில் இருந்த ஒருவரிடமும் நான் ஒருமுறைகூட உதவி கேட்டதில்லை என்பது சொல்லும்போதுதான் உறைத்தது.

பிறகு சபையில் கேட்டேன். 70 பேர் வரவில்லை. இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கல்லூரி மாணவர். மற்றவர், 1964 ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பத்தில் சிறுமியாக இராமேஸ்வரத்தில் வந்திறங்கி, இந்த மலையில் கொழுந்து பறித்தே முதுமையடைந்த ஒரு பாட்டி. கூட்டும்போது அவருடைய வாய் ஓயாது. "என்ன ஆண்டவரே, முழங்காலை இப்படிப் பிடிச்சு வச்சிருக்கீரே, நான் எப்படிக் குனிவேன்?" என்று அதட்டுவார், அதட்டிக்கொண்டே குனிந்தும் விடுவார். எங்களில் ஒருவரைப் பற்றியும் அவர் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

கொடைக்கானல், விடுதிச் சமையலர்:

சகோதரரின் சாட்சிக்கு நன்றி. இதே வசனத்தை எளியவர்களின் வாயை அடைக்கப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஒரு கிறிஸ்தவ விடுதியில் மார்கழிக் குளிரிலும் விடியற்காலை நான்கு மணிக்கு அடுப்பு மூட்டிய எனக்கு மூன்று மாதம் சம்பளம் வரவில்லை. கேட்டபோது, "முறுமுறுக்காமல் ஊழியம் செய்யுங்கள், அக்கா" என்றார்கள். கேட்பதே அவிசுவாசம் என்று பயந்து, மளிகைக்கடையில் கடன் ஏறிக்கொண்டே போகப் பேசாமல் இருந்தேன்.

என் பயத்தைத் தெளிவித்தது அப்போஸ்தலர் நடபடிகள்தான். 6 ஆம் அதிகாரத்தில், தங்கள் விதவைகள் அன்றாட உணவுப் பங்கீட்டில் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்கர் முறுமுறுத்தபோது, அப்போஸ்தலர்கள் அவர்களை அதட்டவில்லை. பந்தி விசாரிக்க ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். 16 ஆம் அதிகாரத்தில், விசாரணையின்றி அடித்துச் சிறையில் வைத்தவர்கள் இரகசியமாக விடுவிக்கப் பார்த்தபோது, அவர்களே வந்து எங்களை அழைத்துப் போகட்டும் என்று பவுல் உறுதியாகச் சொன்னார். அது நடந்த ஊர் பிலிப்பி. முறுமுறுக்காதிருங்கள் என்று பின்னாளில் அவர் எழுதியதும் அந்த ஊர்ச் சபைக்கே. நான் நிர்வாகக் குழுவுக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுத்தேன். இரண்டு தவணையாகப் பணம் வந்தது. இன்றும் அங்கேதான் சமைக்கிறேன்.

கேத்திப் பள்ளத்தாக்கு, ஓய்வுபெற்ற ஓட்டுநர்:

நீலகிரியில் மண்சரிவுகளால் 40 பேருக்கும் மேல் இறந்த 2009 நவம்பர் மழையின்போது, வீடு இழந்தவர்களைத் தங்கவைத்த ஒரு கட்டடத்தில் இரவு முழுவதும் கஞ்சி ஊற்றினேன். தம்பி வீட்டுக்குப் போகும் சாலை அறுந்துபோயிருந்தது. அவன் இருக்கிறானா என்பதே தெரியாது. பார்த்தவர்கள் அதை விசுவாசம் என்றார்கள். கையில் அகப்பை இருந்ததால் அழாமல் இருந்தேன், அவ்வளவுதான்.

விடிந்தபின் தம்பி சேறும் சகதியுமாக நடந்தே வந்து சேர்ந்தான். என்னோடு அதே அண்டாவின் மறுபக்கத்தில் நின்று ஊற்றிய நண்பருக்கு, அவருடைய தாயார் இறந்த செய்தி வந்தது. அவர் அகப்பையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அடக்கம் முடிந்த மறுநாள் திரும்பி வந்து அதை வாங்கிக்கொண்டார். இன்றும் எங்கள் ஆலயத்தில் மணி அடிப்பவர் அவர்தான்.

தம்பியைக் கர்த்தர் காப்பாற்றினார் என்று சாட்சி சொல்ல எழுந்திருக்கும்போதெல்லாம் அவர் முகம் கண்ணில் படும், உட்கார்ந்துவிடுவேன். போன வருடக் கடைசி ஆராதனையில் அவரே என் அருகில் வந்து, "சொல்லுங்கண்ணா, நான் கேக்கிறேன்" என்றார். இன்னும் சொல்லவில்லை.