நள்ளிரவு நகைச்சுவையில் பங்க் ராக்: நீங்கள் முதலில் பார்த்தது எது?

எனக்கு ஃபியர் என்ற பங்க் குழு (பங்க் என்றால் வேகமும் முரட்டுத்தனமும் கலந்த ராக் இசை). 1981 அக்டோபர் 31, சாட்டர்டே நைட் லைவ் என்ற அமெரிக்க நள்ளிரவு நகைச்சுவை நிகழ்ச்சியின் ஹாலோவீன் இரவு. நான் பார்த்தது வெகுகாலம் கழித்து, விடுதி அறையில், நண்பனின் கணினியில்.

நகைச்சுவை நடிகர் ஜான் பெலூஷி அந்த நிகழ்ச்சியை விட்டு விலகி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. இருந்தும் லாஸ் ஏஞ்சலிஸின் இந்த முரட்டுக் குழுவுக்காக மல்லுக்கட்டி இடம் வாங்கிக் கொடுத்தார். மேடைக்கு முன்னால் ஆட வாஷிங்டனிலிருந்து ஒரு படையே வந்திறங்கியது. பின்னாளில் ஃபுகாசி குழுவைத் தொடங்கிய இயன் மக்காயும் அந்தப் படையில் ஒருவர். பாடகர் லீ விங் நியூயார்க் அரங்கில் நின்றுகொண்டு, நியூயார்க்காரர்கள் இளக்காரமாகப் பார்க்கும் பக்கத்து மாநிலமான நியூ ஜெர்சிக்கு வந்ததில் மகிழ்ச்சி என்கிறார். கூச்சல் கிளம்புகிறது. பையன்கள் முட்டிமோதி மேடையில் விழுந்து எழுகிறார்கள், ஒருவன் மைக்கைப் பிடுங்கிக் கத்துகிறான். கடைசிப் பாட்டு முடிவதற்குள் ஒளிபரப்பு வேறு காட்சிக்குத் தாவிவிட்டது. சேதம் 2 லட்சம் டாலர் என்று ஒரு நியூயார்க் நாளிதழ் எழுதியது. சுத்தப் புளுகு.

உங்களுடையது?

———

நான் நியூ ஜெர்சியின் எடிசனில் குடியிருப்பவன். தினமும் ஆற்றைக் கடந்து நியூயார்க்குக்கு வேலைக்குப் போகிற எங்களுக்குத்தான் அந்த நியூ ஜெர்சிக் குத்தலின் முழுச் சுவையும் தெரியும்! அலுவலகத்தில் ஒருவர் அதைச் சிறுவயதில் நேரலையில் பார்த்தவர். டிவிதான் கெட்டுவிட்டது என்று நினைத்து அவருடைய அப்பா பெட்டியைத் தட்டினாராம்.

ஆனால் என் ஓட்டு இங்கிலாந்துப் பாடகர் எல்விஸ் கொஸ்டெல்லோவுக்கு. 1977 டிசம்பர் 17 அன்று அதே நிகழ்ச்சிக்கு வரவேண்டியவர்கள் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற இங்கிலாந்து பங்க் குழு. விசா சிக்கலால் அவர்கள் வரவில்லை, இவர் வந்தார். பாடத் தொடங்கிய சில வினாடிகளிலேயே கையசைத்துக் குழுவை நிறுத்தி, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, வானொலிக்காரர்களை வெளுத்து வாங்கும் வேறொரு பாட்டுக்குப் போய்விடுகிறார். ஒப்புக்கொண்ட பாட்டு அதுவல்ல. தயாரிப்பாளர் லோர்ன் மைக்கேல்ஸ் கொதித்துப்போனார், கொஸ்டெல்லோ மறுபடி அந்த மேடை ஏற 1989 ஆகிவிட்டது. டிரம்ஸ் வாசித்தவரின் பனியனைக் கவனியுங்கள்: பிஸ்டல்ஸ் மேலாளர் மால்கம் மெக்லாரனுக்கு நன்றி சொல்லும் வாசகம்! கொஸ்டெல்லோ அசல் பங்க் இல்லை என்று சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

———

சண்டைக்கு வரவில்லை. ஆனால் நீங்கள் இருவரும் சொன்னவர்கள் விருந்தாளிகள். அவர்கள் வந்தார்கள், கலாட்டா செய்தார்கள், போனார்கள். அதில் நகைச்சுவை எங்கே இருக்கிறது?

2010 பிப்ரவரியில் அதே நிகழ்ச்சியில் வந்த கல்யாணக் காட்சியைப் பாருங்கள். மணப்பெண்ணின் அப்பாவாக நகைச்சுவை நடிகர் ஃபிரெட் ஆர்மிசன். பழைய நண்பர்களுடன் ஒரு பாட்டு வாசிக்கப்போவதாகப் பணிவாக அறிவிக்கிறார். அடுத்து வருவது அன்றைய அமெரிக்க அதிபர் ரீகனைத் திட்டும் எண்பதுகளின் அசுர வேகப் பாட்டு. விருந்தினர்கள் விழிக்கிறார்கள். ரிசப்ஷன் லைட் மியூசிக்கின் இரைச்சலில் பந்திக்கு ஓடிய அனுபவம் உள்ள நம்மவர்களுக்கு அந்த முகங்கள் நன்றாகவே தெரியும்.

நான் சிரித்த சிரிப்பில் தூங்கிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் எழுந்து வந்துவிட்டார். அவருக்குப் போட்டுக் காட்டினால், "இதில் சிரிக்க என்ன இருக்கிறது, நன்றாகத்தானே வாசிக்கிறார்கள்" என்றார். சரியாகச் சொன்னார். ஆர்மிசன் நடிகராவதற்கு முன் சிகாகோவில் டிரெஞ்ச்மவுத் என்ற பங்க் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். காட்சியில் டிரம்ஸ் வாசிக்கும் டேவ் குரோலோ, பதின்வயதிலேயே வாஷிங்டனின் ஸ்கிரீம் குழுவில் சேர்ந்தவர். வெளியாள் செய்தால் ஊசிமுடியும் கிழிந்த சட்டையும்தான் கேலிக்கு மிஞ்சும். இவர்கள் கேலி செய்வது வயதை, பாட்டை அல்ல. பிறகு டிராக் சிட்டி நிறுவனம் அந்தக் கற்பனைக் குழுவின் பெயரிலேயே இசைத்தட்டும் வெளியிட்டது.

———

மேலே எழுதிய அம்மாவுக்கு நன்றி, பார்த்துவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். 1986இல் ரீப்ளேஸ்மென்ட்ஸ் குழு அதே நிகழ்ச்சிக்குக் குடிபோதையில் வந்து வாசித்த இரவின் நல்ல பிரதி யாரிடமாவது இருக்கிறதா? எனக்குக் கிடைத்ததில் படம் ஆடுகிறது, ஒலி பாதியில் நின்றுவிடுகிறது.